வாய்க்கூடை

என் குதிரைக்கு அல்சர் என்று நான் சொன்னபோது டீக்கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் பாதி டீ தரைக்குப் போனது. "நர்ஸம்மா, கேஸ் மாத்திரை எழுதிக் குடுத்தீங்களா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார்.

"முன்னாடிதான். அரை மணி நேரம் முன்னாடி" என்றேன்.

கால்நடை டாக்டர் அப்படித்தான் எழுதியிருந்தார். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பார்சல் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். உடனே நகர்ந்திருந்தால் வெட்கப்பட்டுப் போனதாக ஆகியிருக்கும். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

திருவாரூருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்களைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. நடவுக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட டீச்சர், எல்லாரும் உண்டு. "கடைசியா எப்பச் சாப்ட்டீங்க?" என்று கேட்டால் யோசிப்பார்கள். யோசிக்க வேண்டிய கேள்வியா அது? "எல்லாரும் சாப்ட்ட பெறகு" என்றுதான் கடைசியில் பதில் வரும். திட்டிவிட்டுத்தான் மாத்திரை கொடுப்பேன். திட்டுகிற எனக்கும் அதே வியாதி பத்து வருஷமாக உண்டு. காலையில் வீட்டில் எல்லாருக்கும் எடுத்துவைத்துவிட்டு, மிச்சம் இருப்பதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் நான். தட்டுப் போட்டு உட்கார்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை.

குதிரை என் தாய்மாமாவுடையது. மாமா இந்தப் பக்கத்தில் பேர்போன ரேக்ளா சாரதி. காணும் பொங்கலுக்குக் குதிரைவண்டிப் பந்தயம் எங்கே நடந்தாலும் அவர் வண்டி அங்கே நிற்கும். என் அப்பா இறந்த வருஷம், என் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, பஸ் ஏறி, என்னை நர்ஸிங் படிக்கக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். எனக்கு நாற்பத்து நான்கு வயதாகியும் அவருக்கு நான் பாப்பா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அவரோடு நான் சண்டை போடப் போகிறேன், அப்போது அவரை யாரும் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்தச் செவலைப் பெண் குதிரையை மாமா வேதாரண்யம் பக்கத்திலிருந்து வாங்கி வந்தார். நல்ல உயரம், அகன்ற நெஞ்சு. ஆனால் வண்டியில் பூட்டுவதற்கு வயிற்றுப் பட்டையை இழுத்தால் கழுத்தைத் திருப்பிக் கடிக்க வருவாள். கொள்ளு வைத்தால் பாதியைத் தின்றுவிட்டு ஒதுங்கி நிற்பாள். கட்டின கம்பத்தைக் கொறிப்பாள். சும்மா நிற்கும்போதே பல்லை நறநறவென்று அரைப்பாள். மாமா அவள் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்து, அடிவயிற்றில் ஒரு ரோமச் சுழியைக் கண்டுபிடித்தார். குதிரைக்காரர்களுக்குச் சுழிதான் ஜாதகம்.

"வயித்துல சுழி, பாப்பா. இது அடங்காது. சீர்காழிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடற ஆளு ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. தள்ளிவிட்டுடலாம்னு பாக்கறேன்."

கல்யாண ஊர்வலம் என்றால் பேண்டு வாத்தியம், ஜெனரேட்டர், காலடியில் சரவெடி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்குத் துளைகள் சுருங்கி, கண்ணுக்கு மேலே குழி விழுந்து, யாரும் தன்னைத் தொட்டுவிடக் கூடாதே என்று நின்றுகொண்டிருந்தாள். என் ஓ.பி. வரிசையில் தினமும் நிற்கிற முகம்தான் அது. "நான் வச்சுக்கறேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். "நீ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ, ஊசி போடுவியா?" என்று மாமா சிரித்தார். ஆனாலும் கொடுத்தார். பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தார், எனக்கே எனக்கென்று அல்ல.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் சொன்னது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுழியும் இல்ல, திமிரும் இல்லக்கா. வயித்துப்புண்ணுதான்னு நெனக்கிறேன்" என்றார். குழாய் விட்டு உள்ளே பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். அதற்கு நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டும், அந்தப் பயணமே அவளுக்கு ஆகாது. மருந்து கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் அதுதான் என்றார். அப்புறம் எனக்குப் பாடம் நடத்தினார். நமக்குச் சாப்பிடும் நேரத்தில்தான் வயிற்றில் அமிலம் அதிகமாகச் சுரக்கும். குதிரைக்குத் தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். மேய்ந்துகொண்டே இருப்பதற்கென்று அமைந்த வயிறு அது. அதன் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்குகிற பூச்சும் கிடையாது. காலி வயிற்றோடு ஓடவிட்டால் அடியில் கிடக்கும் அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்கும். பயம், தனிமை, லாரிப் பயணம் எல்லாம் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம்.

"குடத்துல தண்ணி கொண்டாறப்ப அலம்பாம இருக்க என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தழைய ஒடிச்சு மேல போடுவோம்."

"அதேதான். ஏறி ஒக்காறதுக்கு முன்னாடி புல்லுத் தின்னக் குடுங்க. அது மேல மெதந்துக்கிட்டு அமிலத்தத் தெறிக்க விடாது."

இத்தனை வருஷம் அல்சருக்கு மாத்திரை கொடுத்தவளுக்கு அந்த ஒரு பேச்சில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் சாப்பிடுகிற அதே மருந்தைத்தான் அவளுக்கும் எழுதினார். அளவு மட்டும் வேறு.

அன்றிலிருந்து அவள் முன்னால் தீனி இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. என் வீட்டுக்காரர் வாய்க்கால் ஓரத்தில் குதிரைமசால் என்கிற தீவனப் பயிரைப் போட்டுக் கொடுத்தார். அதையும் அருகம்புல்லையும் கொஞ்சம் வைக்கோலையும் கலந்து வலைப்பையில் தொங்கவிட்டேன். கொள்ளைக் குறைத்தேன். சுவரைப் பார்த்துக் கட்டியிருந்தவளைத் தெருவைப் பார்க்கத் திருப்பிக் கட்டினேன். தனியாக இருந்தால் கம்பத்தைக் கொறிக்கிறாள் என்று ஒரு வெள்ளாட்டைத் துணைக்கு விட்டேன். அது அவள் காலடியில் படுத்து அசை போடும். இரண்டு மாதத்தில் பல் அரைப்பது நின்றது. பட்டையைக் கட்டினால் கடிக்க வருவதும் நின்றது. அந்தச் சுழி மட்டும் அதே இடத்தில்தான் இருந்தது.

என் ஸ்டெதாஸ்கோப்பை அவள் விலாவில் வைத்துக் கேட்கவும் பழகினேன். நல்ல குதிரை வயிறு சும்மா இருக்காது. எங்கோ தூரத்தில் இடி உருளுகிற மாதிரி, வெறும் குழாயில் தண்ணீர் இறங்குகிற மாதிரி பேசிக்கொண்டே இருக்கும். வலது பக்கம் இரண்டு இடம், இடது பக்கம் இரண்டு இடம். நாலு இடத்திலும் கேட்டுவிட்டுத்தான் டியூட்டிக்குக் கிளம்புவேன். "மனுஷனுக்கு வச்ச குழாய மிருகத்துக்கு வைக்கிறியே" என்று ஒரு சொந்தக்காரி முகம் சுளித்தார். துடைத்துவிட்டுத்தான் வைக்கிறேன், குதிரைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்.

ஏறி ஓட்டவும் கற்றுக்கொண்டேன். நாலு தடவை விழுந்தேன். ஊர் ஆறு தடவை பார்த்ததாகச் சொன்னது. "இந்த வயசுல ஒனக்கு இது தேவையா?" என்று கேட்டவர்களிடம், "எந்த வயசுல தேவைன்னு சொல்லுங்க, அப்ப வாரேன்" என்றேன். விடிந்ததும் ஆற்றங்கரையில் ஓட்டுவேன். ரேக்ளாவுக்கு வேண்டிய அந்த ஒரு மூச்சு வேகம் அவளிடம் இல்லை. ஆனால் ஒரே சீராக, அலுக்காமல், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவாள். அவள் காதுகளுக்கு நடுவே கரை நீண்டுகொண்டே போவதைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. இரண்டாம் வருஷம் மாசி மாதம் ஒரு குதிரையேற்றக் குழு எங்கள் பக்கத்தில் நெடுந்தூர ஓட்டம் வைத்தது. இருபது இருபதாக இரண்டு சுற்று, மொத்தம் நாற்பது கிலோமீட்டர். நடுவில் நிறுத்தி டாக்டர் பார்ப்பார். நாடி இறங்கியிருக்க வேண்டும், குடல் சத்தம் கேட்க வேண்டும், நொண்டக் கூடாது. தேறினால்தான் அடுத்த சுற்று. நான் பெயர் கொடுத்தேன். பெயர் கொடுத்த ஒரே பெண்ணும் நான்தான். விஷயம் தெரிந்து மாமா வந்தார். சீர்காழிக்காரர் மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறாராம்.

"நாப்பதையும் ஓடி முடிச்சுட்டீன்னா குதிரை ஒனக்குத்தான். அப்பறம் நான் பேச்சுக்கே வர மாட்டேன். முடிக்கலன்னா நான் ஏத்திக்கிட்டுப் போயிடுவேன். சம்மதமா பாப்பா?"

"சம்மதம் மாமா" என்று அவர் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் கையடித்துக் கொடுத்த வார்த்தையை மீறினவர் இல்லை. பத்திரத்தில் எழுதினதைக்கூட மீறியிருக்கிறார்கள், இதை மீறியதில்லை. எனக்குப் பயம் இருக்கவில்லை. அவளால் நாற்பதும் முடியும் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலமே குதிரைகளைக் கொண்டுவந்து கட்டிவிட வேண்டும் என்பது விதி. எனக்கோ அன்று ஒரு பிரசவத்தை விட்டு நகர முடியவில்லை. மாமாவே மினி லாரியில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். வாளி, ஆடு, இரண்டு கட்டுப் புல் எல்லாம் கூடவே அனுப்பினேன். புல்லை ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியால் நானே இறுக்கிக் கட்டினேன். "மாமா, அவ வாய் ஓயாமத் திங்கணும். மறந்துடாதீங்க" என்று போனிலும் சொன்னேன். "சரி சரி, நீ வேலையப் பாரு" என்றார்.

விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அறுவடை முடிந்த வயல், தாள் எல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. என் புல் கட்டு இரண்டும் நான் கட்டின துணி அவிழாமல் ஓரத்தில் கிடந்தன. ஆடு வயலின் அந்தக் கோடியில் தனியாகக் கட்டப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் வாய்க்கூடை மாட்டியிருந்தது.

வாய்க்கூடை கயிற்றில் பின்னினது. களத்தில் போரடிக்கும் மாடு நெல்லைத் தின்றுவிடக் கூடாது என்று அதன் வாய்க்கு மாட்டுவார்கள். அறுவடை மெஷின் வந்த பிறகு மாட்டுக்கு அந்தத் தொல்லை விட்டது. எங்கள் ரேக்ளாக்காரர்கள் மட்டும் அதை விடவில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததும் குதிரைக்கு மாட்டிவிடுவார்கள். வயிறு காய்ந்தால் குதிரை லேசாக இருக்கும், பறக்கும் என்று நம்பிக்கை. சீக்கிரம் ஓடி முடிந்துவிடுகிற பந்தயத்தில் அந்தத் தப்பு வெளியே தெரியாது. மாமாவிடம் மூன்று குதிரைகள் சூலை வந்து, வயிற்று வலியில் தரையில் உருண்டு செத்திருக்கின்றன. மூன்றையும் கண் பட்டுவிட்டது என்று சொல்லிப் புதைத்தார்.

"என்ன மாமா இது?"

"பந்தயத்துக்கு முந்தின நாளு எவனாச்சும் தீனி போடுவானா? தண்ணியும் கொஞ்சமாத்தான் காட்டினேன். ஆட்டோட நின்னா குதிரைக்கு ரோசம் போயிடும், அதான் பிரிச்சுக் கட்டினேன். எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான் பாப்பா. நீ ஜெயிக்கணும், இது ஒனக்கே நெலைக்கணும்னுதான்."

அதுதான் என்னைக் கொன்றது. என்னைத் தோற்கடிக்க அவர் அதைச் செய்யவில்லை. நான் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, குதிரை பக்கத்திலேயே பனியில் படுத்திருந்து, பார்த்துப் பார்த்துப் பட்டினி போட்டிருக்கிறார்.

கூடையைக் கழற்றினேன். மூக்குத் தண்டில் கயிற்றின் தடம் பதிந்திருந்தது. புல்லைப் பிரித்துப் போட்டதும் பாய்ந்து தின்றாள். ஆனால் கிளம்ப அரை மணி நேரம்தான் இருந்தது. நான் அப்போதே விலகியிருக்க வேண்டும். ஒரு நர்ஸுக்கு அது தெரியாதா? தெரியும். எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு ஷேர் ஆட்டோ பிடித்துக்கொண்டு, வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, நான் ஓட்டுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். கையடித்துக் கொடுத்த வார்த்தை வேறு. ஏறிவிட்டேன். மாமா செய்தது தெரியாமல் செய்த தப்பு. நான் செய்தது தெரிந்தே செய்த தப்பு. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மேட்டூர் அணையை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆற்றில் மணல்தான். கரைமேல் ஓட்டம், இரண்டு பக்கமும் சம்பா அறுத்த வயலில் உளுந்து. முதலில் எப்போதும்போலத்தான் போனாள். ஆனால் மற்றக் குதிரைகள் வழிநெடுக லத்தி போட்டுக்கொண்டே போயின, இவள் போடவில்லை. மதகுப் பாலத்தைத் தாண்டியதும் தானாக நின்றாள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கொட்டாவி விட்டாள். பிறகு கழுத்தைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தாள், அங்கே யாரோ தொட்டதுபோல. நான் இறங்கிவிட்டேன். அந்தச் சுற்றில் இன்னும் ஆறு கிலோமீட்டர் பாக்கி. முழுவதும் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்தியே வந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொருவரும் தாண்டும்போது எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது.

நடுச் சோதனைக்கு எங்கள் கால்நடை டாக்டர்தான் இருந்தார். நாடி பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார், விலாவில் நெடுநேரம் கேட்டார்.

"நாடி எல்லையில நிக்குதுக்கா. கொடல் சத்தம் கம்மிதான், ஆனா இருக்கு. விதிப்படி விடலாம். ஓட்டறதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க."

பையிலிருந்து என் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். இடது பக்கம் கீழே, எப்போதோ ஒரு சொட்டு. மேலே ஒன்றுமில்லை. வலது பக்கம் கீழே ஒரு முனகல். மேலே வைத்துக் காத்திருந்தேன். வயலில் இத்தனை கூட்டம், மைக், ஜெனரேட்டர். என் காதில் மட்டும் சத்தமே இல்லை. டாக்டர் கேட்டது ஏதோ ஒரு குதிரையின் வயிறு. நான் கேட்டது இரண்டு வருஷம் தினமும் காலையில் என்னோடு பேசின வயிறு. அது பேசவில்லை.

"நிறுத்திக்கறேன் டாக்டர்" என்றேன்.

மாமா ஓடி வந்தார். "டாக்டரே விடலாங்கறாரு, நீ ஏன் நிறுத்தறே? இன்னும் இருவதுதானே. ஓட்ட வேணாம், நடத்தியே கொண்டுபோயி முடிச்சுடு. நேரம் கெடக்கு. முடிக்கலன்னா என்னன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு மாமா."

"அப்பறம் என்ன? ஏறு."

நான் வயிற்றுப் பட்டையின் கொக்கியை அவிழ்த்தேன். சேணத்தை இறக்கித் தரையில் வைத்தேன். அவ்வளவு ஜனமும் பார்த்துக்கொண்டிருந்தது.

கால் மணி நேரம் போயிருக்காது. முன்னங்காலால் தரையைப் பிராண்டினாள். வியர்த்து, முட்டி மடங்கி, படுத்து உருளப் பார்த்தாள். டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றினார். "உருள விட்டா கொடல் முறுக்கிக்கும். நடத்துங்க, நிறுத்துங்க, மறுபடி நடத்துங்க" என்றார். அந்த வெயிலில் வயலைச் சுற்றிச் சுற்றி நடத்தினேன். ஆட்டை அவிழ்த்துக் கூட விட்டேன். அதுவும் எங்களோடு நடந்தது. வெற்றி பெற்றவர்களுக்கு மாலை போட்டார்கள், மைக்கில் பெயர் வாசித்தார்கள், லாரிகள் கிளம்பின. எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டும் போகவில்லை. மாமா கருவேல நிழலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அந்தக் கோலத்தை ஏற்கெனவே மூன்று தடவை பார்த்தவர். நான்காவதும் எப்படி முடியும் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி சுமாருக்கு அவள் வாலைத் தூக்கினாள். கெட்டியாக, சளி படிந்து, நான்கே நான்கு லத்தி உருண்டைகள் விழுந்தன. எங்கள் ஊர்ப் பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி குலவை போட்டாள். நான் அந்த லத்திக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்று மாலை போட்டுக்கொண்டு போன எவருக்கும் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் மினி லாரி வந்து நின்றது. மாமா இறங்கினார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். என் வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருந்தார். நான் இட்லிக் குண்டானை இறக்கிவிட்டு வெளியே வந்தேன்.

"வாங்க மாமா. சாப்ட்டுட்டுப் பேசலாம்."

"சாப்பாடெல்லாம் இருக்கட்டும். அவுத்துக்கிட்டு வா. வாக்குக் குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன் மாமா. கையடிச்சுக் குடுத்தேன்."

"அப்ப சரி."

"தர மாட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. அப்படி ஒரு பதில் எங்கள் வீட்டில் அவர் கேட்டதே இல்லை. "என்ன சொன்ன?" என்றார்.

"அவள அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். வாக்குத் தவறினவன்னு ஊரெல்லாம் சொல்லுங்க. டீக்கடையிலயும் சொல்லுங்க, நான் வந்து ஆமான்னு சொல்றேன். ஆனா அவ வர மாட்டா."

"ஒன் பொட்டியச் சொமந்துக்கிட்டுப் போயி ஒன்னப் படிக்க வச்சேன் பாப்பா."

"வச்சீங்க. அந்தப் படிப்புதான் இப்பப் பேசுது."

"நாப்பது வருஷமா குதிரையோட கெடக்கறேன். எனக்கு நீ கத்துக் குடுக்கிறியா?" குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

"மூணு குதிரை சூலையில போச்சே மாமா. மூணுக்கும் முந்தின நாளு கூடை மாட்டினீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. மாட்டலன்னு சொல்லுங்க, இப்பவே அவுத்து ஏத்தி விடறேன்."

மாமா லாரியின் டயரைப் பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார். அவள் வலைப்பையில் முகத்தைப் புதைத்திருந்தாள், ஆடு கீழே சிந்தினதைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. மாமா பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால் பதிலும் சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மனம் மாறி அவிழ்த்துக் கொடுப்பேன் என்று காத்திருக்கிறார் என்பது புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, நிஜமாகவே எரிந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

உள்ளே போனேன். அன்று கழற்றிக் கையோடு கொண்டுவந்து மாட்டியிருந்த வாய்க்கூடையை ஆணியிலிருந்து எடுத்துவந்து லாரியின் முன் சீட்டில் வைத்தேன். "இது ஒங்களுது மாமா" என்றேன். மறுபடி உள்ளே போய் ஒரு தட்டு எடுத்தேன். நாலு இட்லி, சட்னி, சாம்பார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து குதிரைக்குப் பக்கத்தில், கேட்டில் நிற்கிற மாமாவுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டேன். உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். யாருக்கும் எடுத்துவைக்காமல், யாரையும் எதிர்பார்க்காமல், மெதுவாக, மென்று. எனக்குப் பின்னால் அவளும் புல்லை அதே நிதானத்தில் மென்றுகொண்டிருந்தாள்.

இரண்டு இட்லி முடிந்தபோது லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. காலியாகத்தான் போனது. மாமா முன் சீட்டில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார். நான் எழுந்திருக்கவில்லை. நாலையும் முடித்துவிட்டு, உள்ளே போய் இன்னும் இரண்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.